உங்களுக்குத் தெரிந்ததை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 26 வயது. ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். தகவல் தொழில்நுட்பத்தில் பட்டம் முடித்துவிட்டு, இரண்டு வருடமாகக் கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். கிளினிக் நாளை ஞாபகப்படுத்துவது, இரத்தப் பரிசோதனை முடிவைப் பதிவது, ஆபத்து இருந்தால் எச்சரிப்பது என்று கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு செயலி செய்கிறோம். குழுவில் பெண்கள் இரண்டே பேர். தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்.

தோட்டத்தில் நிறையப் பெண்களிடம் சொந்தப் போன் இல்லை, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வீட்டு இலக்கம் கிடையாது, காலை பத்து மணிக்குக் கிளினிக் வரச் சொன்னால் அன்றைய பேர் (அன்றைய நாள் சம்பளம்) போய்விடும் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் ஃபீல்ட் விஷயம், நீங்கள் ஸ்க்ரீனைப் பாருங்கள்" என்றார் மெனேஜர். பிறகு நான் எழுதிக் கொடுத்த குறிப்பையே கூட வேலை செய்கிற ஒருவர் கூட்டத்தில் தன்னுடையது போலச் சொன்னார். அப்போது எல்லோரும் தலையாட்டினார்கள். தமிழ் மொழிபெயர்ப்பு முழுவதும் என் தலையில்தான்; அதற்கென்று சம்பளம் எதுவும் இல்லை. கொழும்பில் வேறு கம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனால் "எப்போது கல்யாணம்?" என்று கேட்கிறார்கள். அம்மா ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். சில நாட்களில் அதுவே சரி என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்ப்போம். வேலையை இப்போதே விட வேண்டாம். அதற்காக இப்படியே இருந்துவிடவும் வேண்டாம். நீங்கள் மெனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன அத்தனையும் அந்தச் செயலியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதை உங்கள் பெயரோடும் திகதியோடும் ஓர் ஆவணமாக எழுதுங்கள். எழுதிய கையோடு, அந்த வேலைக்குரிய பதவியையும் சம்பளத்தையும் கேளுங்கள். ஆறு மாதம் பாருங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் அப்போது வேறு இடம் தேடலாம்.

பாதுகாப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றை எடுத்துக் கொள்வோம். இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டு போகிற ஹீமோகுளோபினின் அளவைச் செயலியில் பதிகிறீர்கள், குறைந்தால் சிவப்பில் எச்சரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் குறைவு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று நிரலில் தேடிப் பாருங்கள். 11 என்று ஒரே ஓர் எண் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆனால் அது கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கான வரம்பு. மேலே ஏற ஏறக் காற்றில் ஒட்சிசன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக் கொள்கிறது. அதனால் மலையில் இருக்கிற ஒரு தாய்க்கு வரம்பையும் உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் இந்தத் திருத்தம் 500 மீற்றரிலிருந்தே தொடங்குகிறது. 1000 மீற்றருக்கு மேல் 1500 வரை 0.8 கிராமும், அதற்கு மேல் 2000 வரை 1.1 கிராமும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். இப்போது முதல் மூன்று மாதத்தில் இருக்கிற ஒரு தாய்க்கு 11.4 என்று ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கொழும்பில் என்றால் சரி, பிரச்சினையில்லை. ஹட்டனில் அவருடைய வரம்பு 11.8, நுவரெலியாவில் 12.1. இரண்டு இடத்திலும் அவருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. உங்கள் செயலியோ பச்சை நிறம் காட்டும். இரும்புக் குளிசை ஒழுங்காகக் குடிக்கிறாரா, வெறும் வயிற்றில் குடித்துக் குமட்டுகிறதா, குளிசையோடு சேர்த்துச் சாயத்தண்ணீர் குடிக்கிறாரா என்று யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். (தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். தேயிலைக்கு நடுவிலேயே வாழ்கிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.) பிரசவத்தில் இரத்தப்போக்கு வந்தால்தான் விஷயம் தெரியும். இரத்தம் குறைந்த உடம்பு சாதாரண இரத்தப்போக்கைக்கூடத் தாங்காமல் போகலாம்.

எந்த வரம்பை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் வைத்தியர்களும் சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகமும்தான். உங்கள் கம்பனி தன் இஷ்டத்துக்கு எண்ணை மாற்றக் கூடாது. ஆனால் கேள்வியை யாராவது எழுப்ப வேண்டுமே. மலையில் இருக்கிற தாய்மாரை மனதில் வைத்து அந்த நிரலைப் படிக்கிற ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். உங்கள் குழுவில் அது நீங்கள். இதை ஃபீல்ட் விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது. எச்சரிக்கை தருவதற்கென்றே செய்த செயலி எச்சரிக்காமல் போகிற விஷயம் இது.

இனி நீங்கள் எழுதிய மூன்றுக்கு வருகிறேன்.

போன் விஷயத்தை நீங்கள் "சொந்தப் போன் இல்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் மெனேஜருக்கு அது ஒரு வறுமைப் புகாராகக் கேட்கும். செயலியின் மொழியில் சொல்லுங்கள். பதிவுப் படிவத்தில் தொலைபேசி இலக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கேள்வி வேண்டும்: இந்த நம்பர் யாருடையது, எந்த நேரத்தில் கூப்பிட்டால் அந்தப் பெண் பேசலாம், மெசேஜில் என்ன எழுதலாம். பகலில் போன் கணவரோடு கொழும்பில் இருக்கும். அல்லது மாமியாரிடம், பள்ளிக்கூடம் போகிற மகனிடம் இருக்கும். கிளினிக் நாளை ஞாபகப்படுத்தும் மெசேஜ் யார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் கம்பனி இதே செயலியைச் சுவனாரி கிளினிக்குக்கும் விரிவாக்கும். 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்குப் பெண்களைக் கூப்பிடுகிற கிளினிக் அது. "உங்கள் முடிவு சரியில்லை, உடனே வரவும்" என்று ஒரு மெசேஜ் மகன் கையில் இருக்கும் போனுக்குப் போனால் என்ன நடக்கும்? குடும்பக் கட்டுப்பாடு பற்றிய மெசேஜ் கணவர் கண்ணில் பட்டால்? வீட்டில் அடி வாங்குகிற ஒரு பெண் உதவி கேட்டு, அதற்குப் பதில் அதே போனுக்கு வந்தால்? இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவு என்று தனியாக வைத்திருக்கிறது. இந்தச் சட்டத்தை உங்கள் ஆவணத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். மெனேஜர்மார் சட்டத்தின் பெயரைக் கண்டால் நின்று படிப்பார்கள்.

கிளினிக் நேரம் அடுத்தது. கண்டியில் இருக்கிறவருக்கு "பேர் போய்விடும்" என்றால் புரியாது. அதை விளக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. காலையில் வேலைக்குப் பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பத்து மணிக் கிளினிக்குக்கு மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பி வரும்போது பகல் போய்விடும். ஆகவே "கிளினிக்குக்கு வரவில்லை" என்று உங்கள் செயலி சிவப்பில் காட்டுகிற பெண் அசட்டையானவர் என்று அர்த்தமில்லை. அன்றைய சம்பளத்தை விட முடியாதவராக இருக்கலாம். செயலி இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். வராத காரணத்தைக் கேட்டுப் பதிகிற ஓர் இடம் இருந்தால் போதும். மூன்று மாதத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கிற சுகாதார வைத்திய அதிகாரி, ஒரு கிளினிக்கைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலேயே (பிள்ளைகளைப் பார்த்துக் கொள்கிற இடத்திலேயே) வைக்கலாமா, நேரத்தை மாற்றலாமா என்று யோசிப்பார். தரவு சேர்ப்பது அந்த யோசனைக்காகத்தான்.

விலாசத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று பெட்டியைக் கட்டாயமாக்கினால், லயத்தில் இருக்கிறவர் எதை எழுதுவார்? தோட்டம், டிவிசன், லய இலக்கம், காம்பரா என்று வேறு பெட்டிகள் வேண்டும். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம் ஆட்கள் கூப்பிட இன்னொரு பெயர் என்று இருப்பதால் இரண்டையும் தேடக் கூடியதாக வைக்க வேண்டும். அதேபோல நம் பெயர்கள். ஒரே பெண்ணின் பெயரைச் சிங்களத்தில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் இரண்டு மாதிரியும் எழுதி, மூன்று தாய்மார் என்று கணக்கு விழுகிறது. முந்தைய பிரசவத்தில் சிசேரியன் என்ற தகவல் ஒரு பதிவில் இருக்கும். இன்றைக்கு அவர் முன்னால் இருக்கிற உத்தியோகத்தர் வேறு பதிவைத் திறந்திருப்பார்.

இந்த மாதிரித் தவறுகள் சின்னக் கம்பனிகளில் மட்டும் நடக்கிறவை என்று நினைக்காதீர்கள். 2014இல் அப்பிள் நிறுவனம் ஐபோனில் ஹெல்த் செயலியைக் கொண்டு வந்தபோது, சாப்பாட்டில் இருக்கிற நுண்சத்துக்கள் வரை அதில் பதியலாம். மாதவிடாயைப் பதிய இடமில்லை. அடுத்த வருடம்தான் சேர்த்தார்கள். சொல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடம்பில் அது மெதுவாகத்தான் கழிகிறது, காலையில் வாகனம் ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கிறது என்று, பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கும்படி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் சொன்னது 2013இல். இருபது வருடத்துக்கு மேலாகப் பெண்கள் ஆண்களின் அளவைக் குடித்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்த கெடுதல் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை உரிய நேரத்தில் கேட்க ஆள் இருக்கவில்லை, அல்லது இருந்தவர் பேச்சு எடுபடவில்லை.

எடுபட்ட கதையும் ஒன்று சொல்கிறேன், நம் பக்கத்துக் கதை. பிரசவத்துக்குப் பிறகு வரும் இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவது ஒரு வழி. அதற்கென்று விற்கிற கருவி விலை கூடியது. பங்களாதேஷில் மகப்பேற்று வைத்தியர் சாயெபா அக்தர், ஆணுறையை ஒரு ரப்பர்க் குழாயில் கட்டி, சேலைன் ஏற்றிக் கருப்பைக்குள் விரியச் செய்தார். பல நாடுகளில் தாய்மாரைக் காப்பாற்றிய முறை அது. இரத்தப்போக்கில் தாய்மார் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், கைக்கு எட்டிய பொருளை வைத்தே வழி கண்டுபிடித்தார்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுகாதாரத் தொழில்நுட்பம் என்றவுடன் அது ஆண்களின் இடம், நாம் புதிதாக உள்ளே நுழைகிறோம் என்று பெண்களே நினைக்கிறார்கள். இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த வழியில் வளர்ந்த முறைமையில் ஒவ்வொரு தாயையும் பிள்ளையையும் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுதியது குடும்பநல உத்தியோகத்தர்கள், நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிற பெண்கள். மழையில் நனைந்த கொப்பியைக் காயவைத்து மறுபடி எழுதுகிற மிட்வைஃபை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த நாட்டின் தாய்சேய்த் தரவு என்பது அந்தக் கையெழுத்துத்தான். இன்று அது கணினிக்கு ஏறியிருக்கிறது. சுகாதாரத் தரவைச் சேர்க்கிற டி.எச்.ஐ.எஸ்.2 (DHIS2) என்ற திறந்த மென்பொருளின் மேல் கட்டிய முறைமைகள் நம் சுகாதார அமைச்சில் ஓடுகின்றன. கொரோனா வந்த 2020இல் அதை வைத்து நோய்க் கண்காணிப்பு முறைமையை முதலில் கட்டியது இலங்கைதான். பிறகு பல நாடுகள் அதைப் பார்த்துச் செய்தன. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் எழுதுகிற கை பெண்ணுடையதாக இருந்தும், எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்கிற மேசையில் அவர் குறைவாகத்தான் இருக்கிறார். உலக அளவிலும் அப்படித்தான். சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவர்களில் 70 சதவீதம் பெண்கள், மேல்மட்டப் பதவிகளில் 25 சதவீதம் மட்டுமே என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல் வந்தது. பெரிய வெற்றி. ஆனால் கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறவர் யார், எடையில் எத்தனை கிலோ கழிப்பது என்று தீர்மானிக்கிறவர் யார்? கொழுந்து எடுத்தவர் தராசின் எண்ணைக் காண முடியாமல் அந்தப் பக்கம் நிற்பார். உங்கள் கம்பனியில் நீங்கள் நிற்கிற இடமும் அதுதான். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது. எதைக் கணக்கில் எடுப்பது என்ற முடிவில் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது அந்த முடிவில் ஓர் இடம்.

எப்படிக் கேட்பது? ஆவணத்தை நீட்ட வேண்டாம். ஐந்தாறு பக்கம் போதும். ஒவ்வொரு விஷயத்துக்கும் நாலு வரி: இப்போது செயலி என்ன செய்கிறது, அதனால் எந்தத் தாய்க்கு என்ன ஆகும், என்ன மாற்ற வேண்டும், மாற்றியது சரியா என்று எப்படிச் சோதிப்பது. ஹீமோகுளோபின் விஷயத்தை முதலில் வையுங்கள், அதை யாராலும் தட்டிக் கழிக்க முடியாது. விலாசத்தைக் கடைசியில் வையுங்கள். அனுதாபம் கேட்கிற ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

அப்புறம், ஒரு நாள் களச்சோதனை கேளுங்கள். ஐந்தாறு தாய்மாரும் ஒரு மிட்வைஃபும் செயலியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. வாயால் விளக்கக் கூடாது. எங்கே விரல் நிற்கிறது, எங்கே போனைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுக்கிறார்கள் என்று எழுதிக் கொள்ளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரியிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வருகிற தாய்மாருக்கு அன்றைய பேரின் காசைக் கம்பனி கொடுக்க வேண்டும். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிற வழக்கத்தை நீங்களாவது நிறுத்துங்கள். மெனேஜரையும் கூட்டிக் கொண்டு போங்கள். அன்றைக்குப் போய் வருகிற பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் கம்பனியின் செலவு, உங்கள் சொந்த ஊர் என்பதால் உங்கள் செலவாகிவிடாது.

உங்கள் குறிப்பை வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னது மனதை உறுத்தியிருக்கும். பழைய விஷயத்தைக் கிளறிச் சண்டை பிடிப்பதால் பயன் இல்லை என்று நினைக்கிறேன். இனி நடக்கிறதைத் தடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் நாள் உங்கள் கருத்தை இரண்டு வரி மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கூட்டம் முடிந்தவுடன் பேசியதன் சுருக்கத்தையும் நீங்களே அனுப்புங்கள். குழுவில் இருக்கிற மற்றப் பெண்ணிடம் பேசி வைத்துக் கொள்ளுங்கள்: அவர் சொன்னதை யாராவது எடுத்தால் "இதைத்தான் அவர் போன வாரம் சொன்னார்" என்று நீங்கள் சொல்ல வேண்டும், உங்களுக்கு அவர் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது இதில் ஒரு தடையே இல்லை.

மொழிபெயர்ப்பை மட்டும் கறாராகப் பேசுங்கள். ஒரு மாதம் எத்தனை மணித்தியாலம் அதற்குப் போகிறது என்று எழுதி வையுங்கள். வெளியில் கொடுத்துச் செய்தால் கம்பனிக்கு என்ன செலவாகும் என்று விசாரித்து அதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு போய், "இது என் வேலைக்குள் வருகிறது என்றால் பதவிப் பெயரிலும் சம்பளத்திலும் வரட்டும், வராது என்றால் வெளியில் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தயக்கம். "நம் ஆட்களுக்காகத்தானே செய்கிறோம், இதற்குப் போய்க் காசு கேட்பதா" என்று நினைக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள். நம் ஆட்களுக்காகச் செய்கிற வேலை நன்றாக இருக்க வேண்டும் என்றால் அதைச் செய்கிறவருக்குச் சம்பளம் இருக்க வேண்டும்.

நேர்முகத்தில் கல்யாணம் பற்றிக் கேட்டால் கோபப்படவும் வேண்டாம், "இப்போதைக்கு இல்லை" என்று உறுதிமொழி கொடுக்கவும் வேண்டாம். "இந்தப் பதவியில் முதல் ஆறு மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால், என்னால் எதைச் செய்ய முடியும் என்று சொல்கிறேன்" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். மறுபடியும் அதையே பிடித்துக் கொண்டால், அந்தக் கம்பனியில் நாளைக்கு உங்கள் நிலை எப்படி இருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. உங்கள் உரிமை என்ன என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். பிரசவ லீவு 84 வேலை நாள். வார லீவும் போயாவும் பொது விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. 2018இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து மூன்றாவது பிள்ளை என்றாலும் அதே 84 நாள்தான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்த முடியாது.

இனி அம்மா.

அம்மா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். தோட்டத்திலிருந்து ஒரு தலைமுறை வெளியே வந்தது ஆசிரியர் நியமனத்தால்தான். ஓய்வூதியம் உள்ள வேலை என்றால் லயத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். கண்டியில் ஏதோ கணினி வேலை என்று சொன்னால் அவருக்கு அது கையில் பிடிபடாத ஒன்று. அதனால் பிடிபடுகிற மாதிரிக் காட்டுங்கள். உங்கள் நியமனக் கடிதத்தையும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கு விபரத்தையும் எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், கம்பனி போடுவது 12 சதவீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம். இந்தக் கணக்கு அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், அவருக்கும் அதே கணக்குத்தானே. கம்பனி ஒழுங்காகப் போட்டிருந்தால் அம்மாவின் பயத்தில் பாதி குறையும். போடவில்லை என்றால், ஆறு மாதம் பொறுக்கச் சொன்ன என் ஆலோசனையை விட்டுவிடுங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்துவிட்டு வேறு வேலை தேடுங்கள்.

ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பமும் போட்டு வையுங்கள், அதில் தப்பில்லை. கிடைத்து, போக வேண்டும் என்று மனம் சொன்னால் போங்கள். தோட்டப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்க ஆள் தேவை. ஆனால் ஒரு மெனேஜர் காது கொடுக்கவில்லை என்பதற்காகப் போக வேண்டாம். இதே துறையில் உங்களுக்கு வேறு கதவுகளும் இருக்கின்றன. டி.எச்.ஐ.எஸ்.2 மென்பொருளுக்கு இணையத்தில் இலவசப் பாடநெறிகள் இருக்கின்றன. இரவில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் முடித்துவிடலாம். வைத்தியசாலைத் தரவைப் பரிமாறுகிற ஃபயர் (FHIR) என்ற தரநியமத்தையும் படியுங்கள். செயலி எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அதோடு கிளினிக் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு, தமிழும் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

இதைப் படிக்கிற கம்பனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டோம் என்று நின்றுவிடாதீர்கள். மாலை ஆறரைக்குக் கூட்டம் வைத்தால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் பாதியில் எழும்பிப் போவார். முடிவு அவர் இல்லாமல் நடக்கும். கூட்டத்தைப் பகலில் வையுங்கள். யாருக்காகச் செயலி செய்கிறீர்களோ அவர்களில் ஒருவர், சம்பளத்தோடு, முதல் வரைபடத்திலிருந்தே கூட இருக்கட்டும். செயலி முடிந்த பிறகு திருத்துவதைவிட அது உங்களுக்கும் செலவு குறைவு.

தங்கச்சி, ஆவணத்தின் முதல் வரைவை எழுதியவுடன், கம்பனி சம்மதித்தால், ஹீமோகுளோபின் பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். தாய்மாரின் பெயரோ இலக்கமோ எதுவும் அதில் இருக்கக் கூடாது. உயரத் திருத்தம் எந்த மாதத்துக்கு எந்த எண்ணில் வர வேண்டும் என்று ஓர் அட்டவணை போட்டுத் தருகிறேன். இரண்டாவது மூன்று மாதத்தில் அடிப்படை வரம்பு 11 இல்லை, 10.5. அதை இப்போதே குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.